நிழல் குறுகும் முன்பே அடித்துவிடும் மணி: பள்ளிக்கல்வித் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தொடக்கக் கல்வி இயக்ககத்தார், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தார், சிவகங்கை மாவட்டக் கல்வி அலுவலர்கள் ஆகியோருக்கு.

மதிப்பிற்குரிய பெருந்தகையீர்,

வணக்கம். காரைக்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கும் நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். பிள்ளைகள் தாமே கேள்வி எழுப்பி, தாமே அளந்து, தாமே விடை தேடி அறிவியல் கற்க வேண்டும் என்று நம் பாடநூல்களும் பயிற்சிக் கையேடுகளும் சொல்வதை முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டவள் என்ற முறையில், அது நடக்கவிடாமல் குறுக்கே நிற்கும் இரண்டைப் பற்றி உங்களிடம் முறையிடவே இம்மடலை எழுதுகிறேன். ஒன்று எங்கள் கால அட்டவணை. மற்றொன்று பருவத் தேர்வின் வினாத்தாள். கருவி இல்லை, ஆய்வகம் இல்லை, நிதி இல்லை என்ற முறையீடுகள் வழக்கமாக உங்கள் மேசைக்கு வருவனதாம். அவற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் ஒரு குச்சியும் ஓர் அளவுகோலும் போதுமாயிருந்த இடத்திலேயே நான் தவறியிருக்கிறேன் என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி பிறந்த முதல் வாரத்தில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி மைதானத்துக்கு அழைத்துச் சென்று, தரைக்கு மேல் ஒரு மீட்டர் இருக்கும்படி ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் நிழலை அளந்து எழுதச் சொன்னேன். எங்கள் பள்ளியில் மூன்றாம் பாடவேளை 12 மணிக்கு முடியும். மணி அடித்ததும் அளவுகோல்களைச் சேகரித்துக்கொண்டு எல்லோரும் உள்ளே வந்துவிட்டோம். ஒரு சிறுமி மட்டும், அடுத்த பாடவேளையில் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டு வெளியே போனவள், மறுபடியும் அந்த நிழலை அளந்திருக்கிறாள். மறுநாள் அவள் குறிப்பேட்டில் 12 மணிக்கு 20.5 செ.மீ. என்றும், 12.20-க்கு 18.5 செ.மீ. என்றும் இருந்தது. "பன்னெண்டு மணிக்கு இல்ல டீச்சர், அதுக்கப்புறமும் குட்டையாயிட்டேதான் போச்சு" என்றாள். நிழல் தெற்குப் பக்கம் விழுந்ததாகப் படமும் வரைந்திருந்தாள். நான் சிவப்பு மையால் 12.20-ஐ அடித்து 12 என்று எழுதினேன். நிழலை வடக்கே திருப்பி வரையச் சொன்னேன். 'ஒரு பொருளின் நிழல் மிகக் குறுகியிருக்கும் நேரம்' என்று தேர்வில் கோடிட்ட இடம் வரும், விடைக்குறிப்பில் 'நண்பகல் 12 மணி' என்றுதான் இருக்கும் என்பது என் எண்ணமாக இருந்தது. அவள் மறுத்துப் பேசவில்லை. அழித்துவிட்டு நான் சொன்னதை எழுதிக்கொண்டாள்.

அவள் எழுதியதுதான் சரி. இந்திய நேரம், உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கக் கோட்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது. காரைக்குடியோ ஏறத்தாழ 78.8 பாகையில் இருக்கிறது. புவி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆவதால், சூரியன் நம் உச்சிக்கோட்டுக்கு வர மிர்சாபூரைவிட 15 நிமிடம் பிந்தும். புவியின் அச்சு சாய்ந்திருப்பதாலும் அதன் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அந்த 15 நிமிடமும் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் நிற்பதில்லை: ஆடியின் தொடக்கத்தில் நம் உண்மையான நண்பகல் 12.20-ஐ ஒட்டி வரும். நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்கு ஓரிரு நிமிடம் முன்பே வந்துவிடும். பிப்ரவரி நடுவிலோ 12.29 வரை தள்ளிப்போகும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டின் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடபுறம் நிற்கும். நிழல் தெற்கேதான் விழும். இவை எனக்கு விளங்கியது அவள் எட்டாம் வகுப்பை முடித்து வேறு பள்ளிக்குப் போன பிறகு. ஒரு குழந்தை தன் ஊரின் வானத்தைத் தானே அளந்து கண்ட உண்மையை, வேறெங்கோ வரைந்த படத்துக்கு ஏற்ப நான் அழிக்கச் செய்தேன் என்பதை எண்ணும்போது இன்றும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இதை என் தனிப்பட்ட தவறு என்று ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்தத் தவறைச் செய்யத் தூண்டிய இரண்டும் இன்றும் அப்படியே இருக்கின்றன. கண்டுபிடிப்பு 12.20-க்கு நிகழவேண்டியிருந்தது, மணி 12-க்கு அடித்துவிட்டது. அவளுக்குக் கிடைத்த எண்ணுக்கு வினாத்தாளில் மதிப்பெண் இல்லை.

எங்கள் வட்டாரத்தில் பிள்ளைகள் ஆராய்ந்து பார்ப்பதற்குப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை என்பதை நீங்கள் அறியவேண்டும். செட்டிநாட்டுத் திருமணங்களில் ஆலாத்தி எடுப்பதைப் பார்க்காத பிள்ளை என் வகுப்பில் இல்லை. மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு விழுந்ததும் அது சிவப்பதை எல்லோரும் அறிவார்கள். ஏன் என்று எவரும் கேட்டதில்லை. 'காரத்தில் மஞ்சள் சிவக்கும்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நகர ஐந்து நிமிடம் போதும். நான் அப்படிச் செய்யாமல், சிவக்கவைக்கும் வேறு பொருள்கள் உங்கள் வீட்டில் உண்டா என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். மறுநாள் சோப்பு நீர், அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீர், புளிக்கரைசல், மோர், எலுமிச்சை, ஊருணித் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்று சிறுசிறு புட்டிகளில் ஒரு கடையே வந்து சேர்ந்தது. குழம்புக் கறை பட்ட வெள்ளைச் சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைக்கும்போது சிவப்பதை ஒரு பையன் நினைவுபடுத்தினான். சிவந்த நீரில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகிறது என்பதைக் கண்டதும், எத்தனை சொட்டில் மாறுகிறது என்று எண்ணத் தொடங்கினார்கள். ஒரு குழுவுக்கு 9 சொட்டு, இன்னொரு குழுவுக்கு 14 சொட்டு. யார் சொல்வது சரி என்று பூசல் எழுந்தது. சொட்டின் பருமன் ஒன்றாக இல்லை, எடுத்துக்கொண்ட சுண்ணாம்பு நீரின் அளவும் ஒன்றாக இல்லை என்று அவர்களே கண்டுபிடித்து, மறுபடி முதலிலிருந்து செய்தார்கள். அந்தப் பூசலுக்கும் மறுமுயற்சிக்கும் ஆன நேரம் ஒன்றரைப் பாடவேளை. அந்த நேரத்தில்தான் அவர்கள் அறிவியல் கற்றார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அதோடும் முடியவில்லை. "மஞ்சளுக்குப் பச்சைத் தண்ணியும் எலுமிச்சையும் ஒண்ணுதான் டீச்சர், ரெண்டுலயும் மஞ்சளாவே இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னாள். மஞ்சள் காரத்தைக் காட்டிக்கொடுக்குமே தவிர அமிலத்தையும் வெறும் நீரையும் பிரித்துக் காட்டாது என்ற குறைபாட்டை அவள் தானாகவே கண்டுவிட்டாள். அமிலத்தைக் காட்டும் பொருள் எங்கே கிடைக்கும் என்று தேடியபோது, விருந்துகளில் இனிப்பாகப் பரிமாறப்படும் கவுனி அரிசியை ஊறவைத்த கருஞ்சிவப்பு நீர் அதற்கு உதவியது. அது எலுமிச்சைச் சாற்றில் நன்றாகச் சிவந்தது. சுண்ணாம்புத் தெளிநீரில் பச்சையும் பழுப்புமாக நிறம் திரும்பியது. வேதிப்பொருள் கடையில் வாங்கும் லிட்மஸ் தாள் செய்யும் வேலையை, பர்மாவோடு வணிகத் தொடர்பு கொண்டிருந்த காலத்தின் நினைவாக எங்கள் சமையற்கட்டில் தங்கிவிட்ட ஒரு அரிசி செய்துவிட்டது. (கையில் சுண்ணாம்பு படாமலும் கண்ணில் தெறிக்காமலும் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு, நீற்றாத சுண்ணாம்பைப் பிள்ளைகள் தொட நான் ஒருபோதும் விடுவதில்லை.)

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கற்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கண்ணாடிப் பலகையின்மேல் உலோக அச்சை வைத்து வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, அதன்மேல் உலர்கலவையும் சாந்தும் இட்டு, பிறகு அந்தக் கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பகுதியில் உண்டு. ஆனாலும் 'சிமெண்டு எப்படி இறுகுகிறது' என்று கேட்டால், காய்வதால் இறுகுகிறது என்றே எல்லோரும் சொல்வார்கள். அப்படியானால் வெயிலில் வைத்தது அதிகக் கெட்டியாக இருக்கவேண்டும் அல்லவா என்று கேட்டு, ஒரே கலவையில் விரல் நீளச் சிறு கட்டைகள் வார்த்து, சிலவற்றை நீருக்குள்ளும் சிலவற்றை நிழலிலும் சிலவற்றைக் கொளுத்தும் வெயிலிலும் ஒரு வாரம் வைத்தோம். பிறகு இரண்டு செங்கற்களுக்கு நடுவே கட்டையைப் பாலம்போல் வைத்து, அதில் தொங்கவிட்ட வாளியில் குவளை குவளையாக மணல் கொட்டி, எப்போது முறிகிறது என்று பார்த்தோம். நீருக்குள் இருந்ததே கடைசிவரை தாங்கியது. வெயிலில் இருந்தது முதலில் முறிந்தது. சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது, அந்த வினை முடியும்முன் நீர் ஆவியாகிப் போனால் வலுக் குறைகிறது என்ற விளக்கத்தை அதன் பிறகு நான் சொன்னபோது, அதைக் கேட்க அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. கல் வார்க்கும் தொழிலாளி ஒருவரின் மகன், அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன், அன்று மற்றவர்களுக்கெல்லாம் சாந்து குழைக்கும் பதத்தைச் சொல்லிக்கொடுத்தான்.

இவையெல்லாம் எப்போதோ ஒருமுறை, வேறொரு ஆசிரியரின் பாடவேளையைக் கடன் வாங்கி நான் செய்தவை. முறையாகச் செய்ய இடமில்லை. ஒரு பாடவேளையில் பொருள்களைப் பங்கிட்டு, குழுவாக அமர்ந்து, செய்து, எழுதி, பேசி, கழுவி வைப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. அதனால் முதலில் பலியாவது பேசுவதுதான். அளந்த எண்களை வைத்துக்கொண்டு இது ஏன் இப்படி வந்தது என்று பேசுவதற்கு நேரமில்லாத ஆய்வு வெறும் கைவேலையாகிவிடுகிறது. ஆகவே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வாரத்தில் ஒருநாள் அறிவியலுக்கு அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளை ஒதுக்கவேண்டும் என்று துறையே ஆணையிட வேண்டுகிறேன். இதற்குக் கூடுதல் செலவில்லை. கூடுதல் பாடவேளைகூட வேண்டியதில்லை. இருப்பவற்றில் இரண்டைச் சேர்த்து வைத்தால் போதும். தலைமையாசிரியரின் நல்லெண்ணத்தை நம்பி இதை விட்டுவிடலாகாது, ஏனெனில் மாற்றலில் அவர் போனால் ஏற்பாடும் அவரோடு போய்விடுகிறது.

அரசு இத்திசையில் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2022 நவம்பர் 28 அன்று தொடங்கப்பட்ட வானவில் மன்றம், 'எங்கும் அறிவியல், யாவும் கணிதம்' என்ற முழக்கத்தோடு அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டு வகுப்புகளை நாடியே வந்தது. அம்மன்றத்தின் சார்பில் சோதனைகளைச் செய்துகாட்டும் கருத்தாளர் எங்கள் பள்ளிக்கு வரும் நாளில் பிள்ளைகள் வாசலிலேயே காத்து நிற்பார்கள். ஆனால் அவர் பல பள்ளிகளுக்குப் போகவேண்டியவர். கொண்டுவந்ததைச் செய்துகாட்டிவிட்டுப் புறப்படவேண்டியவர். செய்துகாட்டுவதைப் பார்ப்பது மகிழ்ச்சி தரும். அந்த மகிழ்ச்சியை மறுநாள் தொடர்ந்து வளர்க்கவேண்டிய நான், மறுநாள் வினா விடை எழுதிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். அதுபோலவே, பருவத்தினூடே பிள்ளைகளின் செயல்பாடுகளைப் பார்த்துத் தரும் 40 மதிப்பெண்ணுக்கான வளரறி மதிப்பீடும் இதற்காகவே வந்த நல்ல ஏற்பாடுதான். நடைமுறையில் அதன் செயல்பாட்டு மதிப்பெண்கள் வண்ண அட்டையில் படம் ஒட்டி வருவதற்கும், கடையில் வாங்கிய மாதிரியைக் கொண்டுவருவதற்கும் போய்விடுகின்றன. பருவ இறுதியில் வரும் 60 மதிப்பெண் தொகுத்தறித் தேர்வு நினைவாற்றலையே கேட்கும்போது, ஆசிரியர் எதன்பின் ஓடுவார் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

வினாத்தாளைத் தொடாமல் கற்பித்தலை மாற்ற முடியாது என்பதை இந்நாட்டிலேயே ஒரு மாவட்டம் முன்பே கண்டிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவில் இருந்த நண்பர்கள் ஊரக மையமும் அரசின் இசைவோடு அறிவியல் கற்பித்தல் திட்டமொன்றைத் தொடங்கின. சிற்றூர்ப் பிள்ளைகள் குழுக்களாக அமர்ந்து தாமே சோதனை செய்து, தம் முடிவுகளைத் தாமே எழுதினார்கள். 1978-இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. அவர்கள் பாடத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை, தேர்வையும் மாற்றினார்கள். பிள்ளைகள் புத்தகத்தையும் தம் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். கையால் செய்துகாட்டும் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு மதிப்பெண் இல்லாத இடத்தில் மனப்பாடம் தானே விலகிக்கொள்கிறது. அந்தத் திட்டத்தை 2002-இல் அம்மாநில அரசே நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பு அரசின் ஒரு முடிவோடு நின்றுபோனதை நினைத்து வருந்தும் அதே வேளையில், இப்படிப்பட்ட ஒன்று வேரூன்றுவதும் வீழ்வதும் உங்களைப் போன்றோரின் கையெழுத்தில்தான் இருக்கிறது என்பதையும் அது எனக்கு உணர்த்துகிறது.

நான் கேட்பது அந்த அளவுகூட இல்லை. தொகுத்தறித் தேர்வின் 60 மதிப்பெண்களில் 15 மதிப்பெண்களை மட்டுமாவது, செய்து பார்த்த பிள்ளை எழுதக்கூடிய, மனப்பாடம் செய்த பிள்ளை எழுதமுடியாத வினாக்களுக்கு ஒதுக்குங்கள். எடுத்துக்காட்டாக, நிழலின் நீளங்களை நேரவாரியாக ஓர் அட்டவணையில் கொடுத்து, 'இதில் ஓர் அளவு தவறாக எழுதப்பட்டிருக்கிறது. அது எது, ஏன் அப்படிக் கருதுகிறாய்' என்று கேட்கலாம். 'மூன்று கட்டைகளில் எது வலிமையானது என்று காண ஒரு மாணவன் மூன்றையும் வெவ்வேறு அளவு மணல் சேர்த்து வார்த்தான். அவன் முடிவை நீ ஏற்பாயா' என்று கேட்கலாம். இத்தகைய வினாவுக்கு ஒற்றைச் சொல் விடைக்குறிப்பு இராது. திருத்துவோருக்குச் சற்றுக் கூடுதல் உழைப்பும், பயிற்சியும் வேண்டும். அந்த உழைப்புக்கு ஆசிரியர்கள் அணியமாக இருக்கிறோம் என்றே நான் நம்புகிறேன். வளரறி மதிப்பீட்டின் செயல்பாட்டு மதிப்பெண்களைப் பிள்ளையின் சொந்தக் குறிப்பேட்டுக்கே தரலாம்; அதில் எழுதியிருக்கும் எண் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக மதிப்பெண் குறைக்கக்கூடாது என்று எழுத்துமூலம் அறிவித்துவிடுங்கள். பார்வைக்கு வரும் அலுவலர்களும், நாற்பது குறிப்பேடுகளிலும் ஒரே விடை ஒரே எழுத்தில் இருப்பதைக் கண்டால் பாராட்டாமல், ஏன் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன என்று கேட்கவேண்டும்.

பாடப்பகுதியை முடிக்க நேரம் போதாதே என்பது எழக்கூடிய மறுப்பு. உண்மைதான், போதாது. ஒவ்வொரு பருவத்திலும் ஓரிரு பாடங்களைக் குறைக்கவேண்டும் என்பதே என் கருத்து. உயர்நிலை வகுப்புகளில் மறுபடியும் வரவிருக்கும் வரையறைகளை ஏழாம் வகுப்பிலேயே அடுக்கிவைப்பதால் விளையும் நன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை. வகுப்பு சத்தமாக இருக்கும் என்பது இன்னொன்று. சிமெண்டுக் கட்டைகளை முறித்துக்கொண்டிருந்த நாளில் வந்த அலுவலர் ஒருவர், வகுப்பறை ஒழுங்கு குறைவு என்று பதிவேட்டில் எழுதிச் சென்றார். வாளியில் எத்தனை குவளை என்று நாற்பது பிள்ளைகள் ஒருமிக்க எண்ணிக்கொண்டிருந்த ஓசைதான் அது.

ஆசிரியர்களுக்கான பயிற்சியும் இதே வழியில் அமையவேண்டும். வட்டார வள மையத்தில் நாள் முழுதும் திரையில் படங்களைக் காட்டிச் 'செயல்வழிக் கற்றல்' பற்றிச் சொற்பொழிவு கேட்டுத் திரும்புகிறோம். நான் 12.20-ஐ அடித்துத் திருத்தியது கெட்ட எண்ணத்தால் அன்று. நானே ஒருநாளும் ஒரு குச்சியை நட்டு முழு நண்பகலையும் அளந்து பார்த்ததில்லை என்பதால். எங்களை வெயிலில் நிற்கவைத்து அளக்கவிடுங்கள். எங்கள் எண்களும் ஒன்றோடொன்று முரண்படட்டும். அதைப் பற்றிப் பேச ஒரு பிற்பகல் கொடுங்கள்.

இவ்வேளையில் காரைக்குடிக்கு வாய்த்திருக்கும் ஒரு பேற்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால், 1948-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எங்கள் ஊரில் இருக்கிறது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பது அங்கே அறிஞர்கள் ஆராயும் பொருள்களுள் ஒன்று. நான்கு ஆணிகளை ஊருணி நீரிலும் உப்பு நீரிலும் காய்ச்சி ஆறிய நீரிலும் எண்ணெயிலும் போட்டு வைத்துப் பார்க்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் கேள்வியும் அதுவே. அந்தப் பிள்ளையின் குறிப்பேட்டை அங்குள்ள ஓர் அறிஞர் ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் பள்ளிக்கு வந்து படித்து அவளோடு உரையாட, துறை முறைப்படி ஓர் ஏற்பாடு செய்தால், அதன் பயன் பெரிதாக இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆண்டில் இரண்டு முறை காரைக்குடியில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது; செங்குத்தாக நட்ட குச்சிக்கு அப்போது நிழலே இராது. சித்திரை பிறந்த இரண்டொரு நாளில் வருவது முதலாவது; அப்போது தேர்வுகளும் விடுமுறையும் குறுக்கிடும். ஆகஸ்டு 26, 27 தேதிகளை ஒட்டி வருவது இரண்டாவது; பள்ளி நடக்கும் நாள்கள். அதே நாளில் மூன்று பாகை வடக்கே இருக்கும் சென்னையில் ஒரு மீட்டர் குச்சிக்கு ஏறத்தாழ 5 செ.மீ. நிழல் இருக்கும், இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் தங்கள் அளவுகளைத் தொலைபேசியில் பரிமாறிக்கொண்டால், புவியின் சுற்றளவையே ஏழாம் வகுப்புக் கணக்கில் மதிப்பிட்டுவிடலாம். வரும் ஆகஸ்டில் அந்த இரு நாள்களுக்கு மட்டுமாவது, மூன்றாம் நான்காம் பாடவேளைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கு அனுமதி தாருங்கள். உங்களில் எவரேனும் வர இயலுமானால் 11.45-க்குள் வந்துவிடுங்கள். குச்சியைப் பிள்ளைகள் நட்டு வைத்திருப்பார்கள். மேகம் இல்லையென்றால் 12.16-ஐ ஒட்டி நிழல் மறையும்.

இங்ஙனம்,
நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர்,
காரைக்குடி வட்டாரம்.